அளவு கொடுத்துச் செய்விக்கும் கார் வீல்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோவையில் 2015-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி டீசல் கார் வைத்திருக்கிறீர்கள். கீழ் ரகம் என்பதால் 15 அங்குல இரும்பு வீலும் 175/65 ஆர்15 டயரும் போட்டு வந்திருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டு, உங்கள் வண்டிக்கென்றே அளவு கொடுத்துச் செய்யும் 17 அங்குல ஃபோர்ஜ்டு (அலுமினியக் கட்டியை அழுத்திச் செய்யும்) வீல்கள் நான்கை வாங்க நினைக்கிறீர்கள். செலவு லட்சத்தைத் தாண்டுகிறது. கடைக்காரரோ, "எல்லாம் பொருந்தும் சார், உள்ளே உரசினால் ஸ்பேசர் போட்டுக்கலாம்" என்கிறார். (ஸ்பேசர் என்பது வீலை வெளியே தள்ளி நிறுத்த, வீலுக்கும் அச்சுக்கும் இடையில் செருகும் தட்டு.) எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரரின் அந்த ஒரு வாக்கியமே எனக்குக் கவலை தருகிறது. அளவு சொல்லிச் செய்விக்கும் வீலுக்கு ஸ்பேசர் தேவைப்படுகிறது என்றால், அளவே சரியாக எடுக்கப்படவில்லை என்றுதான் பொருள். இப்படிப்பட்ட வீலுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம், பெரும்பாலும், நம் வண்டியின் அச்சுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் அது கடைந்து தரப்படுவதற்காகத்தான். கடைகளில் வீலின் முகம் பளிச்சென்று தெரியும்படி விளக்கின் கீழ் மாட்டி வைத்திருப்பார்கள். அதை இறக்கித் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அந்த வீல் எந்த வண்டிக்கு ஏற்றது, எவ்வளவு எடையைத் தாங்கும், யார் செய்தது, எந்தச் சோதனையைத் தாண்டி வந்தது என்ற விவரமெல்லாம் முதுகில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். முகத்தின் வடிவம் முழுக்க உங்கள் விருப்பம். முதுகில் இருக்கும் எண்களில் விருப்பத்துக்கு இடமில்லை. அவற்றை உங்கள் வண்டிதான் தீர்மானிக்கிறது.

அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். "16 × 6.5 ஜே" என்பதில் முதல் எண் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டாவது இரு விளிம்புகளுக்கு உட்பட்ட அகலம்; இரண்டும் அங்குலக் கணக்கு. "ஜே" என்பது விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. "4 × 100" என்றால் நான்கு துளைகள், அவற்றின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். இதைத்தான் கடைகளில் பி.சி.டி. என்கிறார்கள். உங்கள் சிட்டிக்கு இதுவே அளவு. பழைய ஃபியட் பாலியோவுக்கு 4 × 98. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், நட்டும் உள்ளே ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்பதால், நட் ஏறும் மரையாணியான ஸ்டட் வளைந்த நிலையிலேயே இறுகும். பழைய வீலையோ, மற்றொரு வண்டியிலிருந்து கழற்றியதையோ சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் விலை பேசுபவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். எட்டுத் துளை போட்டு இரண்டு பி.சி.டி.க்குப் பொதுவாக விற்கப்படும் வீல்களும் உண்டு. சொல்லிச் செய்விக்கும்போது அவற்றின் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது நடுத்துளை. சிட்டியின் ஹப் (வீலைத் தாங்கிச் சுழலும் அச்சு முனை) நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தின் விட்டம் 56.1 மில்லிமீட்டர். பொதுச்சந்தைக்கு ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் வீல்களில் நடுத்துளையை 73.1 மில்லிமீட்டர் என்பது போலப் பெரிதாகவே விட்டுவிட்டு, இடைவெளியை நிரப்பப் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் ஒன்றைக் கொடுப்பார்கள். அந்த வளையம் இல்லாமல் மாட்டினால் வீல் நட்டுகளின் பிடியில் மட்டும் மையம் கொள்ள வேண்டியிருக்கும். இம்மியளவு பக்கவாட்டில் நகர்ந்து இறுகினாலும் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது. உங்கள் வீலை 56.1 என்றே கடையச் சொல்லுங்கள். ஒருமுறை வெர்னியர் காலிப்பரை வைத்து ஹப்பை நேரில் அளந்து எழுதிக் கொடுப்பது, "ஹோண்டா சிட்டிக்கு" என்று வாயால் சொல்வதைவிட நூறு மடங்கு நம்பகமானது.

ஆஃப்செட் என்ற அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடைக்காரரின் ஸ்பேசர் பேச்சு இதைச் சுற்றியதுதான். வீலின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் கோட்டுக்கும், வீல் ஹப்பில் பதியும் தளத்துக்கும் இடையிலான தூரம் அது, முதுகில் "ஈ.டி." என்ற எழுத்துகளோடு பொறித்திருப்பார்கள். கணக்கு எளிது. பழைய வீல் 5.5 அங்குல அகலம், ஈ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வீலில் பொறித்திருக்கும் எண்ணைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்). 5.5 அங்குலம் 139.7 மில்லிமீட்டர், அதில் பாதி 69.85. அதிலிருந்து 45-ஐக் கழித்தால் பதியும் தளத்திலிருந்து வெளிவிளிம்பு 24.85 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 45-ஐக் கூட்டினால் உள்விளிம்பு 114.85 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. இப்போது 7 அங்குல அகலத்தில் ஈ.டி. 38 கொண்ட வீலை எடுத்தால், வெளிவிளிம்பு 50.9, உள்விளிம்பு 126.9. அதாவது பழையதைவிட வெளியே 26 மில்லிமீட்டரும், உள்ளே 12 மில்லிமீட்டரும் நீள்கிறது. வெளியே நீண்ட 26 மில்லிமீட்டர், பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்கார்டின் மடிப்பில் டயரை உரச வைக்கும். மழையில் கதவு முழுக்கச் சேற்றை வாரி இறைக்கும். ஸ்டியரிங்கின் பிடிமானமும் மாறும், பேரிங்கின் மீது விழும் நெம்புவிசையும் கூடும். 6.5 அங்குலம், ஈ.டி. 45 என்றால் இரு பக்கமும் சமமாக 12.7 மில்லிமீட்டர்தான் கூடுகிறது. தொழிற்சாலை கொடுத்த ஆஃப்செட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, உள்ளே ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்த பிறகே எண்ணை இறுதி செய்யுங்கள். இவ்வளவும் செய்தால் ஸ்பேசர் என்ற பேச்சே எழாது.

இப்போது 17 அங்குலமா, 16 அங்குலமா என்ற கேள்விக்கு வருகிறேன். 175/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், வீல் 15 அங்குலம்; டயரின் மொத்த விட்டம் 608.5 மில்லிமீட்டர். வீல் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகி, மொத்த விட்டம் ஏறத்தாழ அதே அளவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமானி, ஓடோமீட்டர் இரண்டுமே பிசகும். 205/45 ஆர்17 டயரின் விட்டம் 616.3; இது 1.3 சதவீதம் அதிகம், ஏற்றுக்கொள்ளக்கூடியதே. 185/55 ஆர்16 டயருக்கு 609.9, வேறுபாடு கால் சதவீதம்கூட இல்லை. விட்டத்தைப் பொறுத்தவரை இரண்டுமே தேறிவிடும். பக்கச்சுவரின் உயரத்தைப் பாருங்கள்: இப்போதைய டயரில் 113.75 மில்லிமீட்டர், 16 அங்குலத்தில் 101.75, 17 அங்குலத்தில் 92.25. பள்ளத்தில் சக்கரம் விழும்போது வீலின் விளிம்புக்கும் சாலைக்கும் நடுவில் நின்று அடியை வாங்கிக்கொள்வது அந்த உயரமும் அதற்குள் இருக்கும் காற்றும் மட்டுமே. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகளும், மழைக்குப் பிறகு தார் பெயர்ந்து கூர்விளிம்போடு நிற்கும் பள்ளங்களும் உள்ள சாலைகளில் அன்றாடம் ஓடும் குடும்பக் காருக்கு நான் 16 அங்குலத்தைத்தான் பரிந்துரைப்பேன். இதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. ஹோண்டாவே 2017-இல் இதே தலைமுறை சிட்டியைப் புதுப்பித்தபோது உயர் ரகங்களுக்கு 16 அங்குல வீலும் 185/55 ஆர்16 டயரும் கொடுத்தது. தயாரிப்பாளரே சோதித்து ஒப்புக்கொண்ட அளவு கையில் இருக்கும்போது, அதைத் தாண்டிப் போவதற்குத் தோற்றத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

சட்டமும் காப்பீடும் இங்கேதான் குறுக்கிடுகின்றன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பிலும் வலியுறுத்தியது. அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்குள் நிற்கும் வீலை நியாயப்படுத்துவது எளிது. மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் வீலை நியாயப்படுத்த முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, வீல்களின் மதிப்பை மின்சாரம் சாராத துணைப்பொருளாகப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். கட்டணம் சிறிதளவே கூடும். தெரிவிக்காமல் விட்டால், விபத்தோ திருட்டோ நேரும்போது வீலுக்கான தொகை கிடைக்காமல் போகலாம். அதைவிட மோசமாக, மொத்த உரிமைக்கோரலே தகராறில் சிக்கலாம்.

எடை தாங்கும் திறன் என்பதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. முன் அச்சின் மீது 850 கிலோ வருகிறது என்றால் ஒவ்வொரு வீலும் 425 கிலோவைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இருப்பும் வேண்டும். உங்கள் பழைய டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து 84 என்று இருக்கும். அந்தக் குறியீட்டுக்கு 500 கிலோ என்று பொருள். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, வீலின் முதுகில் 500 கிலோவுக்குக் குறையாத எடை பொறிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். எடை பொறிக்காத வீலை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

செய்முறையைப் பற்றிச் சொல்லாமல் விலையைப் புரிந்துகொள்ள முடியாது. சாதாரண அலாய் வீல், ஏ356 வகையைச் சேர்ந்த சிலிக்கான் கலந்த அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்படுகிறது. ஃபோர்ஜ்டு வீலோ 6061 வகை அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, ஆயிரக்கணக்கான டன் விசையுள்ள பிரஸ்ஸில் அழுத்தி, வெப்பப் பதப்படுத்தி, பிறகு கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தில் கடைந்து எடுக்கப்படுகிறது. வார்ப்பில் இருக்கக்கூடிய நுண்துளைகள் இதில் இருப்பதில்லை. பதப்படுத்திய 6061 உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்குவதற்கு முன் ஏறத்தாழ 275 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். வார்ப்பு வீலின் உலோகம் 200-ஐச் சுற்றியே நிற்கும். அதனால் அதே வலிமைக்குக் குறைந்த உலோகம் போதும், வீல் இலகுவாகிறது. பெரிய பள்ளத்தில் அடிபட்டால் வார்ப்பு வீல் விரிசல் விடவும், ஃபோர்ஜ்டு வீல் வளைந்து நிற்கவும் வாய்ப்பு அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஃப்ளோ ஃபார்மிங் என்ற முறை உண்டு. வீலின் முகத்தை வார்த்து, டயர் உட்காரும் உருளைப் பகுதியை மட்டும் சூடாக்கி உருளைகளால் அழுத்தி நீட்டுவார்கள். நல்ல முறைதான், விலைக்கு ஏற்ற பொருள்தான். ஆனால் இதை "ஃப்ளோ ஃபோர்ஜ்டு" என்று பெயர் மாற்றி ஃபோர்ஜ்டு விலைக்கு விற்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு மூன்று பாகங்களாகச் செய்து போல்ட்டால் இணைக்கும் வீல்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: நம் சாலைகளில் அன்றாடம் ஓடும் காருக்கு ஒரே கட்டியில் கடைந்ததே ஏற்றது. இணைப்புகளில் பூசப்பட்ட பசை அடி வாங்க வாங்கக் காற்றைக் கசியவிடும்.

சொல்லிச் செய்விக்கும் வீலில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. ஃபோர்ஜிங் செய்த கட்டி தரமானதாக இருக்கலாம். அதற்கான உலோகச் சான்றிதழையும் விற்பவர் காட்டலாம். ஆனால் அந்தக் கட்டியிலிருந்து எவ்வளவு உலோகம் கடைந்து நீக்கப்பட்டது, ஸ்போக் (நடுப்பகுதியிலிருந்து விளிம்புக்குச் செல்லும் கை) எவ்வளவு மெல்லியது, ஸ்போக்கும் நடுப்பகுதியும் சேரும் மூலை எவ்வளவு வளைவாக விடப்பட்டது என்பதைப் பொறுத்தே உங்கள் வீலின் வலிமை அமையும். ஆகவே, நீங்கள் தேர்ந்தெடுத்த அதே வடிவத்துக்கு, அதே அளவுக்குச் செய்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மூன்று சோதனைகள் முக்கியமானவை: திருப்பங்களில் வரும் வளைவு விசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் சோதனை, எடையோடு உருளையின் மீது ஓடவிடும் சோதனை, பக்கவாட்டு மோதல் சோதனை. கடைசிச் சோதனையில், டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்த்து வைத்து, அதன் விளிம்பின் மீது 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து எடைக்கட்டியைப் போடுவார்கள். 500 கிலோ தாங்கும் வீலுக்கு அந்தக் கட்டியின் எடை 480 கிலோ. அதைத் தாங்கிய வீலின் முதுகில்தான் முத்திரை இருக்க வேண்டும். ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். முத்திரை, தயாரிப்பாளர் அந்நாட்டுத் தரத்தின்படி தானே சோதித்ததாக அறிவிப்பது. அதனுடன் வரும் வி.ஐ.ஏ. முத்திரை, வெளி ஆய்வகம் ஒன்று சரிபார்த்துப் பதிவு செய்தது என்பதைக் குறிப்பது. இந்தியாவில் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் தரக்கட்டுப்பாடு வீல்களுக்கும் வந்திருப்பதால் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் உரிம எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

நகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த டி.ஈ.37 என்ற ஆறு ஸ்போக் ஃபோர்ஜ்டு வீலின் பெயரில் உள்ள 37, அதன் 15 அங்குல அளவின் எடையான 3.7 கிலோவிலிருந்து வந்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதல் எல்லா ஊர்களிலும் அதே ஆறு ஸ்போக் தோற்றத்தில் வார்ப்பு வீல்கள் கிடைக்கின்றன. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். தராசில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். உங்கள் வீல்கள் வந்து சேர்ந்ததும் நான்கையும் தனித்தனியாக எடை போடுங்கள். வரைபடத்தில் சொன்ன எடையிலிருந்து ஏதாவது ஒன்று வெகுவாக மாறினால் பெட்டியைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். ஸ்போக்கின் பின்பக்கத்தில் கருவி ஓடிய மெல்லிய கோடுகள் தெரிவது கடைந்த வீலின் அடையாளம். சொரசொரப்பான மணல் போன்ற பரப்பு வார்ப்பின் அடையாளம்.

முன்பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் வரைபடம் வாங்க வேண்டும். விட்டம், அகலம், ஆஃப்செட், பி.சி.டி., நடுத்துளை, நட் உட்காரும் இருக்கையின் வடிவம், வால்வுத் துளையின் விட்டம் (வழக்கமான வால்வுக்கு 11.3 மில்லிமீட்டர்), தாங்கும் எடை, பூச்சின் வகை, வீலின் எடை ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அதன் கீழே நீங்கள் கையெழுத்திட்ட பிறகே கடைசல் தொடங்க வேண்டும். ஒரு வீல் உடைந்தால் அதே வடிவத்தில் ஒன்றை மட்டும் செய்து தருவார்களா, எத்தனை ஆண்டுகளுக்கு அந்தக் கோப்பை வைத்திருப்பார்கள், எத்தனை வாரம் ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் இடம் கொடுத்தால் நான்குக்குப் பதில் ஐந்தாகச் சொல்லிவிடுவதே மேல்.

பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது தோற்றத்தோடு ஊரையும் நினைக்க வேண்டும். முகத்தைக் கடைந்து அலுமினியம் மின்னும்படி விட்டு, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசும் வகை இப்போது மிகவும் விரும்பப்படுகிறது. ஒரு சிறு கல் பட்டு அந்த வார்னிஷ் பெயர்ந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகளாக அரிப்பு பரவும். அதைச் சரிசெய்ய முகத்தை மறுபடி கடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் ஒன்றிரண்டு முறைக்கு மேல் அது முடியாது. பூச்சே இல்லாமல் மெருகேற்றிய வீல், கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தூத்துக்குடியிலோ ஓடினால் வாரக்கணக்கில் மங்கிவிடும். முழுக்கப் பவுடர் கோட்டிங் செய்த வீலே எல்லா இடத்துக்கும் பாதுகாப்பானது. கோவையில் கடற்காற்று இல்லாவிட்டாலும் உப்பு மிகுந்த போர்த் தண்ணீர் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீலை மாட்டும் இடத்தில் ஹோண்டா வைத்திருப்போர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் பழைய நட் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள்: வீலைத் தொடும் முனை பந்தின் ஒரு பகுதிபோல் உருண்டு இருக்கும். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலானவற்றின் இருக்கை 60 டிகிரி கூம்பு வடிவில் சரிந்திருக்கும். உருண்ட நட்டைக் கூம்பு இருக்கையில் இறுக்கினால், பரப்பு முழுதும் பதிய வேண்டிய இடத்தில் மெல்லிய வட்டக்கோடாக மட்டுமே தொடும். இறுகியதுபோலவே இருக்கும், ஓட ஓடத் தளர்ந்துவிடலாம். ஆகவே, ஒன்று ஹோண்டாவின் உருண்ட நட்டுக்கு ஏற்ற இருக்கையைக் கடையச் சொல்லுங்கள், அல்லது எம்12 × 1.5 அளவில் கூம்பு முனை நட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். சொல்லிச் செய்விக்கும் வீல் என்பதால் முதல் வழிதான் எனக்குப் பிடித்தது. நட் மாறாது, டிக்கியில் உள்ள ஸ்டெப்னிக்கும் அதே நட் பொருந்தும். இரண்டாவது வழியை எடுத்தால் பழைய நட்டுகள் நான்கை ஸ்டெப்னியோடு ஒரு பையில் போட்டு வையுங்கள், ஏனெனில் நள்ளிரவில் பஞ்சரானால் கூம்பு நட் அந்த இரும்பு வீலில் சரியாகப் பதியாது. இரு வழியிலும் நட்டைக் கையால் திருகும்போது குறைந்தது எட்டு முழுச் சுற்று ஏற வேண்டும்.

இறுக்கம் 108 நியூட்டன் மீட்டர். இதை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று தவணையில் கொண்டுவர வேண்டும். ஏர் கன்னை வைத்து "டர்ர்" என்று கடைசி வரை இறுக்குவதை எந்தக் கடையிலும் அனுமதிக்காதீர்கள். ஸ்டட் நீண்டு போகும், பூச்சும் இருக்கையும் நசுங்கும், வழியில் பஞ்சரானால் வீல் ஸ்பேனரால் கழற்றவும் முடியாது. மரையில் கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது, அப்படித் தடவினால் அதே டார்க்குக்கு ஸ்டட் மீது விழும் இழுவிசை அளவு கடந்துவிடும். ஹப்பின் முகத்தில் உள்ள துருவை மட்டும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து நீக்கிவிட்டு மாட்டுங்கள். முதல் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், வீல் ஆறியபின், மறுபடி ஒருமுறை டார்க் பாருங்கள். டயர் மாட்டும் எந்திரத்தின் தலையில் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். பேலன்சிங் எடைகளை விளிம்பில் அடித்துக் கவ்வவிடாமல் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அகலம் மாறியதால் அலைன்மென்ட்டும் அன்றே செய்யப்பட வேண்டும்.

பராமரிப்பில் முதல் இடம் காற்றழுத்தத்துக்கு. வீலைக் காப்பது பாலிஷ் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அழுத்தம் குறைந்த டயரால் வளைந்த வீல்களே அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டில் பார்த்தால் உண்மையைவிடச் சில பவுண்டு கூடுதலாகவே காட்டும்.

கழுவும் முறையில் வாட்டர் வாஷ் கடைகள்தான் பெரிய எதிரி. பிரேக் தூளை நொடியில் கரைக்க வேண்டும் என்று அமிலம் கலந்த திரவத்தைத் தெளிப்பார்கள்; இரண்டு மூன்று முறைக்குள் வார்னிஷ் மங்கிவிடும். வீல் சூடாக இருக்கும்போது தண்ணீர் அடிப்பதும் தவறு. நிழலில் நிறுத்தி, வீல் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு, முதலில் வெறும் தண்ணீரால் மணலை அகற்றி, சாதாரணக் கார் ஷாம்புவோடு மென்மையான துணியால் துடையுங்கள். அந்தத் துணியை வண்டியின் உடம்புக்குப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் பிரேக் தூளில் உள்ள இரும்புத் துகள் பெயின்ட்டைக் கீறும். ஸ்போக்குகளுக்கு இடையில் கையை விட்டு உள்பக்க உருளையையும் கழுவ வேண்டும். கடைசியாக, தண்ணீரைத் தானாக உலரவிடாமல் துடைத்துவிடுங்கள். போர்த் தண்ணீர் உலர்ந்து விட்டுச்செல்லும் உப்புக் கறை, வெயிலில் கெட்டிப்பட்டுவிட்டால் தேய்க்காமல் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாதாரண மெழுகு பூசினால் போதும்.

டயர் சுழற்சிக்காக வீலைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் முதுகைப் பாருங்கள். பள்ளத்தின் அடி பெரும்பாலும் உள்விளிம்பில்தான் விழும்; வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு டயரில் மட்டும் அடிக்கடி காற்று குறைகிறது, ஆணியும் இல்லை என்றால், அந்த வீலை டயரோடு படுக்க வைத்து, சோப்பு நீரை உள்விளிம்பைச் சுற்றியும் ஸ்போக்கின் அடியிலும் பிரஷ்ஷால் தடவிச் சில நிமிடம் காத்திருங்கள். விளிம்பைச் சுற்றி நுரை வந்தால் டயர் சரியாக உட்காரவில்லை அல்லது விளிம்பு வளைந்திருக்கிறது. உலோகத்தின் நடுவில் வரிசையாகச் சிறு குமிழிகள் எழுந்தால் அது விரிசல். விரிசல் விட்ட வீலை வெல்டிங் செய்து மாட்ட வேண்டாம், எவ்வளவு திறமையான வெல்டராக இருந்தாலும் சரி. வெப்பப் பதப்படுத்தலால் வந்த வலிமையை வெல்டிங் சூடு அந்த இடத்தைச் சுற்றி அழித்துவிடும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் பலவீனமான இடம் எது என்பதுகூட யாருக்கும் தெரியாது. உள்விளிம்பில் ஏற்பட்ட சிறு வளைவை மட்டும், கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சாமல், ஹைட்ராலிக் கருவியால் மெல்ல அழுத்தி நேராக்கலாம். நேராக்கிய வீலைப் பேலன்சிங் எந்திரத்தில் வெறும் வீலாகச் சுழலவிட்டு, டயல் கேஜை வைத்து ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளி ஓட்டுவதைவிட, கையெழுத்திட்ட வரைபடத்தை அனுப்பிப் புதிதாக ஒன்று செய்விப்பதே சரி.

அது வந்து சேரும்வரை ஓட்டுவதற்குப் பழைய இரும்பு வீல்கள் வேண்டும். எனவே அவற்றை உடனே விற்றுவிடாதீர்கள். கூம்பு நட்டுக்கு மாறியிருந்தால், ஸ்டெப்னியோடு வைத்த நான்கு போக மீதி உருண்ட நட்டுகள் பன்னிரண்டையும் அவற்றோடு வையுங்கள். டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைத்து, வெயில் படாத இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் போதும். காரை விற்கும் நாளிலும் அவை பயன்படும்: வாங்குபவர் கம்பெனி வீலோடு வண்டியை எடுத்துக்கொள்வார், நீங்கள் ஃபோர்ஜ்டு வீல்களைத் தனியாக விற்கலாம். 4 × 100 பி.சி.டி. கொண்ட கார்கள் நம் ஊரில் ஏராளம். நடுத்துளை பெரிதாக உள்ள வண்டிக்கு 56.1-ஐக் கடைந்து பெரிதாக்கிக்கொள்ளலாம், ஹப் சிறிதாக உள்ள வண்டிக்கு வளையம் போட்டுக்கொள்ளலாம். அப்போது வாங்குபவர் முதலில் கேட்பது அந்த வரைபடத்தையும் சோதனை அறிக்கையையும்தான் என்பதால், இரண்டையும் ஆர்.சி. நகலோடு ஒரே கோப்பில் வைத்திருங்கள்.